பதினாறாம் நாள் கர்ணன்

களமருதூர்,
10.2.2025

அன்புள்ள வீரமணி அண்ணனுக்கு,

எழில்மதி எழுதுவது. நலம் என்று எழுதும்படி இங்கே வீடு இல்லை. நீங்களும் அண்ணியும் பாப்பாவும் மலையில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கிருஷ்ணன் வேஷம் கட்டுகிற பச்சமுத்து மாமாவிடம் கேட்டுத்தான் உங்கள் விலாசத்தை வாங்கினேன். அப்பாவின் கூத்து ஜமாவில் வேறு யாருக்கும் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. நீங்கள் கூத்தை விட்டுப் போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. நான் அப்போது பிளஸ் டூ. இப்போது ஒரு தனியார் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன்.

தை முதல் வாரத்தில் பம்புசெட்டில் குளிக்கப் போன அப்பா அங்கேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கஞ்சியை நாங்கள்தான் ஸ்பூனில் ஊட்டுகிறோம். மாசி பிறக்கப்போகிறது. ஊர் ஊராக வந்து கூத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்கிறவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

ஜமா ஆட்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். நீங்கள் மட்டும்தான் வரவில்லை. ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் போன் நம்பரையும் எழுதுங்கள். பச்சமுத்து மாமாவிடம் இருப்பது வேலை செய்யவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
எழில்மதி

•

கல்வராயன் மலை,
வெள்ளிமலை அஞ்சல்,
27.2.2025

எழில்மதிக்கு,

வீரமணி எழுதுவது. நான், கமலா, குழந்தை மூவரும் இருக்கிறோம். மரவள்ளி பிடுங்குகிற காலம். லாரிக்காரன் கீழே நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். அதனால் ஒருவரையொருவர் நலம் விசாரிக்க எங்களுக்கே நேரம் கிடைப்பதில்லை.

உன் கடிதம் தபாலாபீசில் ஆறு நாள் கிடந்து, சந்தைக்குப் போன பக்கத்து வீட்டுக்காரர் கையில் வந்து சேர்ந்தது. எங்கள் ஊருக்கு டவர் கிடையாது. கமலா பால் ஊற்றப் போகிற மேட்டில் மட்டும் கொஞ்சம் எடுக்கும். அவள் நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். உயிர் போகிற அவசரம் என்றால் காலை ஆறு மணிக்கு அடி. மற்றதை எல்லாம் எழுது. பேச்சை நம்பி நான் ஏமாந்தது போதும்.

எங்கள் கூத்து வாத்தியாருக்கு இப்படி ஆனதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. வருத்தம் இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

ஒன்று கேட்கிறேன். என்னை வரச் சொன்னது யார்? நீயா, அவரா? அவர் தன் வாயால் கேட்டார் என்றால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். என்ன வார்த்தை சொல்லிக் கேட்டார் என்பதையும் அப்படியே எழுது. 'ஜமாவில் இருந்த பையன்' என்று கேட்டாரா, வேறு மாதிரி கேட்டாரா?

நீ அண்ணன் என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயதில் ஜமாவில் பெட்டி தூக்குகிறவர் வரைக்கும் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாய். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

உன் அம்மாவுக்கு என் வணக்கம்.

வீரமணி

•

களமருதூர்,
8.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே அம்மாவும் நானும் சுகம். அப்பா அப்படியேதான் இருக்கிறார். கமலா அண்ணி நம்பரைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

போன கடிதத்தில் தெரியாதவள் மாதிரி எழுதியது தப்புதான். எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் டாக்டர், "பையன் யாராச்சும் இருக்காங்களாம்மா, கையெழுத்துப் போட?" என்று கேட்டார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாயந்திரம் காப்பி வாங்கிக் கொடுத்தபோது அவளே ஆரம்பித்தாள். "இருக்கான். மலையில கீறான். உனக்குத் தெரிஞ்சவன்தான், கர்ணன் வேஷம் கட்டினு இருந்தானே. எனக்குத் தாலி கட்றதுக்கு முன்னாடியே அவன் பொறந்துட்டான். நம்ம நெலத்துல நடவுக்கு வந்தவ புள்ள." அதைச் சொல்லும்போது அம்மா அழவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனாள்.

என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கூட்டிப்போனவர் நீங்கள்தான் என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு அண்ணன் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அப்பாவே உங்களைக் கேட்கிறார். வார்த்தை குழறுகிறது. ஆனால் நேற்று முன்தினம் தெளிவாகவே கேட்டார். "என் பெரியவன் எங்க, எழிலு? அவன வரச் சொல்லு" என்றார். அதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

வாருங்கள், அண்ணா. குழந்தைக்கு என் முத்தங்கள்.

உங்கள் தங்கை
எழில்மதி

•

வெள்ளிமலை அஞ்சல்,
16.4.2025

எழில்மதிக்கு,

மலைக்குத் திரும்பி வந்து மூன்று நாள் ஆகிறது. எல்லாரும் நலம். பஸ் வளைவில் எனக்கு வாந்தி வந்தது. பதினொரு வருஷம் மலையில் இருந்தும் அது பழகவில்லை.

நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் பார்த்துத்தான் வந்தேன். உன் அம்மா மோர் கொடுத்தார்கள். எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தார்கள், அதைச் சொல்ல வேண்டும். என் அம்மா அந்த வாசலில் நின்று வாங்கிக் குடித்த காலத்தில் கொட்டாங்குச்சி.

உன் அப்பாவால் பேச முடியாது. குழறல்கூடக் கிடையாது. தை மாதத்திலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை என்று உன் அம்மாவே சொன்னார்கள். அப்படியிருக்க, 'என் பெரியவன் எங்க' என்று அழகாக வசனம் எழுதி அனுப்பினாயே, உனக்கு நல்ல கை இருக்கிறது. வாத்தியாருக்கே அப்படி வராது. அந்த ஒரு வரியை நம்பி நான் புதுச் சட்டை எடுத்தேன்.

போகட்டும். நடந்ததைச் சொல்கிறேன். கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். இடது கையால் என் விரலைப் பிடித்தார். நல்ல பிடி. விடவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கும் வந்தது, மறைப்பானேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உன் சித்தப்பா மகன் கவியரசன் இரண்டு பங்காளிகளோடு உள்ளே வந்தான். வாத்தியார் என் விரலை விட்டுவிட்டார். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பாதி உடம்பு செத்த பிறகும் அந்தப் பயம் சாகவில்லை. "யாருங்க இது?" என்று பங்காளி ஒருத்தர் கேட்டார். "ஜமாவுல இருந்தவரு" என்று உன் அம்மா சொன்னார்கள்.

உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. பதினாறு வருஷம் அவர் குந்தி, நான் கர்ணன். எங்கே சாவு விழுந்தாலும் கருமாதிக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் வைப்பார்கள், செத்தவர் கரையேற. விடிகிற நேரத்தில் நான் அம்பு பட்டுக் கிடப்பேன். அவர் சேலை கட்டி, கொண்டை போட்டு, மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருவார். என் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "நான் பெத்த மவனே, ஊருக்குப் பயந்து உன்ன ஆத்துல வுட்டேனே" என்று ஊர் முன்னால் அழுவார். சனம் மொத்தமும் அழும். நிஜக் கண்ணீர் என் முகத்தில் சொட்டும். அப்புறம் விடிந்துவிடும். சேலையை அவிழ்த்து எறிந்துவிட்டு, "டேய் வீரமணி, பெட்டியத் தூக்குடா" என்பார்.

நூறு சாவு வீட்டில் அவர் என்னை மகனே என்று கூப்பிட்டிருக்கிறார். சேலை இல்லாமல் ஒரு தரம்கூடக் கூப்பிட்டதில்லை.

இனிமேல் பொய் எழுதாதே. உன் அம்மாவுக்கு நன்றி, மோருக்காக.

வீரமணி

•

களமருதூர்,
22.4.2025

அன்புள்ள அண்ணா,

இங்கே நலம் பற்றி எழுத எனக்கு முகம் இல்லை. நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

பொய்தான் எழுதினேன். நீங்கள் வர வேண்டும் என்று எழுதினேன். அப்பாவுக்குப் பேச்சு இருந்திருந்தால் கேட்டிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. மன்னித்துவிடுங்கள்.

எங்கள் பள்ளியில் நாடகக் கலை பற்றி ஒரு பாடம் எடுக்கிறேன். தெருக்கூத்து, கர்நாடகத்தில் யட்சகானம், வடக்கே ராம லீலை என்று வரிசையாக வரும். போன வாரம் தெருக்கூத்து நடத்தினேன். கூத்தை நடத்திப்போகிற கட்டியங்காரன் என்றால் யார், முகவீணை எப்படி இருக்கும், கர்ண மோட்சத்தை ஏன் சாவு வீட்டில் ஆடுகிறார்கள் என்று எல்லாம் சொன்னேன். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், குந்தி ஏன் கர்ணன் உயிரோட இருக்கும்போதே எல்லார் முன்னாடியும் சொல்லல?" என்று கேட்டாள். "ஊர் என்ன சொல்லும் என்ற பயம்" என்றேன். "அப்ப செத்த பிறகு மட்டும் ஊர் ஒண்ணும் சொல்லாதா?" என்றாள். மூன்று மார்க் கேள்விக்கு இவ்வளவு யோசிக்காதே என்று உட்கார வைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதனால் இதை எழுதுகிறேன். அப்பாவால் இனி சொல்ல முடியாது. நான் சொல்கிறேன். அப்பாவுக்குக் கொள்ளி வைக்கப்போவது கவியரசன் அண்ணன்தான் என்று இப்போதே பேசிக்கொள்கிறார்கள். நான் விடமாட்டேன். அந்த நாள் வரும்போது ஊர் முன்னால், பங்காளிகள் முன்னால் நின்று, "தலைமகன் இருக்காரு, அவரு கையில குடுங்க" என்று சொல்வேன். இது அப்பா மேல் ஆணை.

இனி நான் எழுதுகிற எதையும் நீங்கள் சந்தேகப்படக் கூடாது.

உங்கள் தங்கை
எழில்மதி

•

வெள்ளிமலை அஞ்சல்,
9.5.2025

அன்புள்ள எழிலுக்கு,

இங்கே மூவரும் நலம். நேற்று நல்ல மழை. நீயும் அம்மாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உன் கடிதத்தைக் கமலாவிடம் படித்துக் காட்டினேன். "இந்தப் பொண்ணு சொல்லும்னு நெனைக்கிறியா?" என்றாள். "சொல்லும்" என்றேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

கொள்ளி வைக்கிற ஆசை எனக்கு இல்லை, எழிலு. நெருப்பை யார் வைத்தாலும் எரியும். நிலமும் வேண்டாம், வீடும் வேண்டாம். எழுதிக் கேட்டால் எழுதியே தருகிறேன். யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தரம், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, நான் இன்னாருடைய பிள்ளை என்று சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வயதில் இது சின்னப்பிள்ளை ஆசைதான். இருக்கிறதே, என்ன செய்ய?

நான் ஏன் ஜமாவை விட்டேன் என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்குச் சின்னசேலத்தில் பெண் பார்த்து முடிவானபோது, பத்திரிகையில் அப்பா பெயர் போடும் இடத்தில் என்ன போடுவது என்று அவரிடம் கேட்டேன். வேஷம் கலைத்துவிட்டு முகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "வாத்தியாரு ஆசிர்வாதத்துடன்னு போட்டுக்க" என்றார். கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார். அன்றைக்குக் தோளில் கட்டுகிற புஜக்கட்டை, கிரீடம் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்தேன். மறுபடி கட்டவில்லை. பத்திரிகையில் என் அம்மா பெயரைச் சொல்லி 'பெரியம்மாள் மகன்' என்று போட்டோம். சின்னசேலத்தில் அதற்கும் நாலு பேர் சிரித்தார்கள்.

என் அம்மா கருணாபுரத்தில்தான் இருக்கிறாள். இன்னும் சித்தாள் வேலைக்குப் போகிறாள். நீ இப்படி எழுதியிருப்பதை அவளிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும்" என்றாள். அவள் உங்கள் வீட்டில் ஒருத்தரை வாழ்த்தி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

பச்சமுத்துவின் மச்சான் லாரியில் இரண்டு பலாப்பழம் அனுப்பியிருக்கிறேன். பழுத்ததும் அறுக்கவும். அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் அண்ணன்
வீரமணி

•

களமருதூர்,
3.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு யாவரும் நலம். தாங்கள் நலமா? பலாப்பழம் வந்தது. தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். வேலை ஜாஸ்தி.

எனக்கு ஒரு இடம் முடிவாகியிருக்கிறது. உளுந்தூர்பேட்டை. மாப்பிள்ளை மின்வாரியத்தில் இருக்கிறார். அப்பா கண்ணால் பார்த்துவிடட்டும் என்று வைகாசியிலேயே நிச்சயம் செய்துவிட்டார்கள். ஆவணியில் கல்யாணம். எல்லாவற்றையும் கவியரசன் அண்ணன்தான் ஓடியாடிச் செய்தார். நிச்சயத்தன்று அப்பா இடத்தில் உட்கார்ந்து தட்டு மாற்றிக்கொண்டதும் அவர்தான்.

மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி. கொஞ்சம் பழைய ஆட்கள், எதையும் விசாரித்துச் செய்கிறவர்கள். அத்தை என்மேல் பிரியமாக இருக்கிறார்கள்.

அப்பா கஞ்சி குடிப்பது கம்மியாகிவிட்டது.

முன்பு எழுதியது பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். எதற்கும் நேரம் பார்த்துத்தான் பேச வேண்டும். அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள்.

அண்ணிக்கும் குழந்தைக்கும் என் அன்பு.

எழில்மதி

•

வெள்ளிமலை அஞ்சல்,
12.6.2025

அன்புள்ள எழிலுக்கு,

நலம். கல்யாணச் செய்தி கேட்டு இங்கே மூவருக்கும் சந்தோஷம். குழந்தை இப்போதே அத்தை கல்யாணத்துக்கு என்ன பாவாடை என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். நிச்சயத்துக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை என்பதற்காகக் கோபம் இல்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கவியரசன் பெயர் நிறைய வருகிறது. 'நேரம் பார்த்து' என்று எழுதியிருக்கிறாய். சாவுக்கு நேரம் பார்க்க முடியாது. அதனால் நேராகவே கேட்கிறேன். ஆணை போட்டுச் சொன்னதைச் செய்யப்போகிறாயா, இல்லையா? செய்யமுடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு. நான் புரிந்துகொள்வேன். உன் வாழ்க்கையைக் கெடுத்து எனக்குப் பெயர் வேண்டாம். சொல்லாமல் மட்டும் இருக்காதே. சொல்லாமல் இருக்கிறவர்களோடு வாழ்ந்து எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு வரி போதும். காத்திருப்பேன்.

உன் அண்ணன்
வீரமணி

•

களமருதூர்,
24.6.2025

அன்புள்ள வீரமணி அவர்களுக்கு,

என் தந்தை பூமாலை அவர்கள் இன்று காலை 5.30 மணியளவில் இறைவனடி சேர்ந்தார். இன்று மாலை 4 மணிக்குத் தகனம். தகவலுக்காக எழுதுகிறேன்.

எழில்மதி

•

களமருதூர்,
14.7.2025

வீரமணி அவர்களுக்கு,

நாங்கள் நலமாக இல்லை. உங்களால்தான் இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பதினாறாம் நாள் கருமாதிக் கூத்துக்கு நீங்கள் வேண்டும் என்று கேட்டது நான் இல்லை. பச்சமுத்து மாமா பிடிவாதமாக மலைக்கு வந்து உங்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூட்டிவந்தார். வந்துவிட்டீர்கள், வேஷமும் கட்டினீர்கள். பதினொரு வருஷம் கழித்துக் கட்டியும் நன்றாகத்தான் இருந்தது. ஊரே சொன்னது. போர்க்களத்தில் நீங்கள் சுற்றி ஆடியபோது அம்மாகூட முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

விடிய ஒரு மணி நேரம் இருக்கும். கிருஷ்ணன் கிழ ஐயராக வந்து, செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்கிறார். கர்ணன் தர வேண்டும். தந்தால்தான் குந்தி வந்து மடியில் எடுப்பாள், சங்கு ஊதுவார்கள், செத்தவர் கரையேறுவார். இது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பச்சமுத்து மாமா பாடி முடித்துக் கையை நீட்டினார். நீங்கள் "இல்லை" என்றீர்கள்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. கட்டியங்காரன் ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். மாமா மறுபடி பாடினார். மறுபடி "இல்லை." மூன்றாம் தரம் பாடாமல், "டேய், குடுத்துடுடா, வாத்தியாருடா" என்று மெதுவாகக் கெஞ்சினார். முன்வரிசைக்கே கேட்டது. நீங்கள் எழுந்து, கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கழற்றிப் பெட்டிமேல் வைத்துவிட்டு, அரிதாரம் பூசிய முகத்தோடு ரோட்டில் நடந்துபோய்விட்டீர்கள். குந்தி வேஷம் கட்டிய அரங்கநாதன் திரைக்குப் பக்கத்தில் நின்றபடியே நின்றார். மடியில் எடுக்கக் கர்ணன் இல்லை. சங்கு ஊதவில்லை. விடிந்துவிட்டது.

கொடுத்துக்கொடுத்தே செத்தவன் என்றுதான் கர்ணனை ஊர் உலகம் எல்லாம் ஆடுகிறது. கர்ணன் வாயில் இல்லை என்ற சொல் வந்து யாராவது கேட்டதுண்டா? எங்கள் வாசலில் கேட்டோம். எங்கள் அப்பாவுக்குக் கேட்டோம்.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நாய் குரைத்தால், "உங்கப்பா வாசல்ல நிக்கிறாரு, உள்ள வர வழி இல்ல, போகவும் வழி இல்ல" என்கிறாள். அவளை இந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள். கவியரசன் அண்ணன் கொள்ளி வைத்ததில் உங்களுக்கு என்மேல் கோபம் இருக்கலாம். அன்று வீடு முழுக்கச் சம்பந்தி வீட்டார் நின்றார்கள். நான் எப்படிப் பேசுவேன்? அதற்கு இறந்தவரைப் பழி வாங்குவதா?

நீங்கள் குடித்துவிட்டு வந்து ஆடினீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். அதனால் யாரும் வேறு எதுவும் கேட்கவில்லை.

உங்களுக்கு மனசாட்சி இருந்தால் பதில் எழுதுங்கள்.

எழில்மதி

•

வெள்ளிமலை அஞ்சல்,
3.8.2025

எழில்மதிக்கு,

நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். நாங்கள் இருக்கிறோம்.

முதலில் குடியைப் பற்றி. போன வருஷம் ஆனியில் கருணாபுரத்தில் பலரைக் கொன்ற அந்த விஷச் சாராயம் என் தாய்மாமனையும் கொண்டுபோனது. கண் தெரியவில்லை, கண் தெரியவில்லை என்று கத்திக்கொண்டே செத்தான். நான் தூக்கிக்கொண்டு ஓடினேன். அதற்கு முன்பும் குடித்ததில்லை, பின்பும் இல்லை. இது உன் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பச்சமுத்து சொல்லியிருக்கிறான். இருந்தும் அதையே தேடி எடுத்துச் சொன்னீர்கள். நல்லது.

அடுத்தது சாவுச் செய்தி. கமலா நம்பர் உன்னிடம் இருந்தது. காலை ஐந்தரைக்கு உயிர் போனது. ஆறு மணிக்குக் கமலா மேட்டில் பால் ஊற்றிக்கொண்டு நின்றாள். மழையும் இல்லை, டவரும் இருந்தது. நீ அடித்திருந்தால் மத்தியானத்துக்குள் வந்திருப்பேன். நீ உட்கார்ந்து கடிதம் எழுதித் தபாலில் போட்டாய். எட்டாம் நாள் வந்து சேர்ந்தது. சாயந்திரம் நாலு மணிக்குத் தகனம் என்று எட்டு நாள் கழித்துப் படித்தேன். அதைப் படித்தபோது வாத்தியார் செத்ததற்கு அழுதேனா, உன் கையெழுத்தைப் பார்த்து அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. கமலா கடிதத்தை வாங்கி மடித்து வைத்தாள்.

பச்சமுத்து பஸ் ஏறி வந்தபோது முடியாது என்றேன். "வேற எவன் கட்டினாலும் அது வெறும் வேஷம்டா. நீ கட்டினாத்தான் அந்த மனுசன் போவான்" என்றான். யோசித்தேன். பெயரும் கிடைக்கவில்லை, கொள்ளியும் கிடைக்கவில்லை. மோட்சமாவது என் கையால் கொடுப்போம், அது யாருக்கும் தெரியாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிளம்பினேன். பழி வாங்க வரவில்லை. இதை நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டும் என்றும் எழுதவில்லை.

நீ முன்வரிசையில் இருந்து பார்த்ததை எழுதியிருக்கிறாய். நான் தரையில் கிடந்து பார்த்ததை எழுதுகிறேன்.

அம்பு தைத்துக் கிடந்தேன். கூத்தாடுகிற களரியில் கிடப்பவனுக்கும் முன்வரிசைக்கும் ஒரு முழம் தூரம் இருக்குமா? உன் வருங்கால மாமியாரின் கால்விரல் மெட்டி என் கண்ணுக்கு நேராக இருந்தது. பச்சமுத்து முதல் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். அது வேஷத்துக்கான அழுகை இல்லை. வாத்தியாரின் கட்டில் வெறுமையாகக் கூடத்தில் கிடந்தது எனக்குக் கிடந்த இடத்திலிருந்தே தெரிந்தது. உன் மாமியார் உன் பக்கம் சாய்ந்து கேட்டார்கள். "இன்னாம்மா இவன் நெசமாவே அழுவுறான்? யாரு இவன், உங்களுக்கு எதுனா சொந்தமா?"

கேட்டது ஒரே ஒரு பொம்பளை. பங்காளிகள் இல்லை, ஊர் இல்லை. ஆமாம் என்று நீ சொல்லியிருக்க வேண்டாம். பேசாமல் இருந்திருந்தாலே போதும். பேசாமல் இருப்பதை நான் பெரிய உறவாக எடுத்துக்கொண்டு கேட்டதைக் கொடுத்திருப்பேன்.

நீ சொன்னாய்: "சேச்சே, அதெல்லாம் இல்லீங்க அத்த. யாரோ ஜமா ஆளு. கூலிக்கு ஆடுறவரு."

பச்சமுத்து கையை நீட்டினான். நான் இல்லை என்றேன்.

இரண்டாம் தரம் அவன் பாடியபோது உன் முகத்தைத்தான் பார்த்தேன். நீ பார்த்தாய். நான் கேட்டுவிட்டேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பினாய். அதனால்தான் உன் கடிதத்தில் மற்ற எல்லாம் இருக்கிறது, இது மட்டும் இல்லை.

மனசாட்சி இருந்தால் பதில் எழுது என்றாயே, எழுதுகிறேன். கர்ணன் கொடுத்தது அவன் சேர்த்த புண்ணியம். அதைச் சொந்தக்காரன் கொடுத்தால் வாங்கலாம். யாரோ ஒரு கூலி ஆள் சேர்த்த புண்ணியத்தை வாங்கிக்கொண்டு உன் அப்பா கரையேறினால் உங்கள் குடும்பத்துக்கு அது மரியாதையாக இருக்காது. கவியரசன்தான் பிள்ளை என்று ஊருக்குச் சொல்லிவிட்டீர்கள். மோட்சத்தையும் அவனிடமே கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

ஆவணியில் உன் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும். இனிமேல் எழுத வேண்டாம். எழுதினால் தபாலாபீசிலேயே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
பெரியம்மாள் மகன்
வீரமணி